மிதவையைக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாமா? சேலத்தில் ஓர் ஒற்றை ஆள் ரேஸ் சீப்ளேன்

கேள்வி (அம்மாபேட்டையிலிருந்து, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவர்):

அண்ணா, ஒரு ஆள் மட்டும் உட்காரும் ரேஸ் சீப்ளேன் (தண்ணீரில் இறங்கி எழும் பந்தய விமானம்) ஒன்றை வீட்டிலேயே கட்டலாம் என்று இருக்கிறேன். 100 ஹெச்.பி. இன்ஜின், சின்ன ரெக்கை, 300 கி.மீ. வேகம். ஃபார்முலா ஒன் ஏர் ரேஸ் விமானம் ஒன்றின் டிராயிங்கை வைத்து உடம்பைக் கட்டிவிட்டு, சக்கரத்துக்குப் பதிலாகக் கடைசியில் மிதவை மாட்டிக்கொள்ளலாம். ஏற்காடு ஏரியில் இறக்கிப் பார்க்கலாம். வேகம்தானே முக்கியம், மிதவை இரண்டாம்பட்சம். சரிதானே?

ஜூன் 14, காலை

சரியில்லை தம்பி. இன்ஜின், ரெக்கை, வேகம் எல்லாம் பிறகு பேசலாம். "கடைசியில் மாட்டிக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடு. சீப்ளேனில் முதல் கோடு மிதவைக்குத்தான் போட வேண்டும். அது தண்ணீரை விட்டு எழும்பாவிட்டால் மேலே இருக்கிற எதற்கும் வேலை இல்லை.

நான் பைபர் வேலை செய்கிறவன். மேட்டூர், ஒகேனக்கல் பக்கம் ஓடும் பைபர் பரிசல், தண்ணீர்த் தொட்டி, படகு ரிப்பேர். விமானப் பித்து பள்ளிக்கூட நாளிலிருந்து இருக்கிறது. அதனால் தண்ணீரைத் தொடும் பாகத்தைப் பற்றி மற்றவர்களைவிட அதிகமாகவே பேசுவேன்.

ஜூன் 14, இரவு

இப்போது கணக்கு. ஆள், பெட்ரோல், மிதவை எல்லாம் சேர்த்து உன் விமானம் 450 கிலோ என்று வைத்துக்கொள். நல்ல தண்ணீரில் ஒரு லிட்டர் கொள்ளளவு ஒரு கிலோவைத் தாங்கும். அதற்காக 450 லிட்டர் மிதவை போதும் என்று நினைக்காதே. விமானத் தரவிதிப்படி மொத்த எடையைவிட 80 சதவீதம் கூடுதலாகத் தாங்க வேண்டும். அப்படியானால் 810 லிட்டர். இரண்டு மிதவை என்றால் ஒவ்வொன்றும் 405 லிட்டர். உள்ளே தடுப்புச் சுவர் போட்டுத் தனித்தனி அறையாக்க வேண்டும். எந்த இரண்டு அறையில் தண்ணீர் புகுந்தாலும் விமானம் மிதக்க வேண்டும்.

நீ சொல்லும் ரேஸ் விமானத்தின் உடம்பே ஒரு ஆள் நுழையும் அகலம்தான். அதன் கீழே 200 லிட்டர் பேரல் இரண்டின் கொள்ளளவு ஒரு பக்கம், இன்னும் இரண்டு மறுபக்கம். எடை மையம் கீழே இறங்கும். மிதவையின் மூக்கு முன்னால் நீண்டு நிற்பதால் பறக்கும்போது விமானம் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அதை அடக்க வாலின் செங்குத்துப் பகுதி பெரிதாக வேண்டும். வால் பெரிதானால் எடை பின்னால் போகும், இன்ஜினை முன்னால் தள்ள வேண்டும். ஒரு மிதவையை மாட்டப் போய் விமானம் முழுவதையும் திரும்ப வரைய வேண்டிவரும். அந்த வேலையை முதலிலேயே செய்துவிடு என்கிறேன்.

ஜூன் 15

ஏற்காடு. எனக்கும் அந்த ஏரி பிடிக்கும், ஆனால் வேண்டாம்.

ஊர் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். 25 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத் தரத்தில் 81 சதவீதம் அளவுக்குத்தான் வரும். டர்போ இல்லாத இன்ஜினின் சக்தி ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். ரெக்கை தூக்குவதற்குத் தேவைப்படும் வேகமோ 11 சதவீதம் கூடும். சக்தி குறைந்து, எட்ட வேண்டிய வேகம் கூடி, ஓட இடமும் இல்லை. 100 கி.மீ. வேகத்தில் எழும்பும் விமானம் ஒன்று தண்ணீரில் நன்றாகவே முடுக்கம் எடுத்தாலும் 300 மீட்டருக்கு மேல் ஓடும். நிஜத்தில் 500ஐத் தாண்டும். எழுந்த பிறகு கரை மரத்துக்கு மேல் ஏற வேண்டும். சுற்றிலும் சில்வர் ஓக் நிற்கிறது. நடுவில் பெடல் படகில் குடும்பம் குடும்பமாக ஜனம்.

குளிர்ச்சியான ஊர், அதனால் காற்று கனமாக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். குளிர்ச்சி கொஞ்சம் திருப்பித் தருகிறது, உயரம் அதைவிட அதிகமாக எடுத்துக்கொள்கிறது.

ஜூன் 17

மேட்டூர். நம் மாவட்டத்தில் இதற்கு வேறு தண்ணீர் இல்லை. ஸ்டான்லி நீர்த்தேக்கம் நிரம்பும்போது மேல்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 790 அடி, சுமார் 240 மீட்டர். ஜனவரிக் காலையில் 20 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 95 சதவீதத்துக்கு மேல். சித்திரை வெயிலில் 38 டிகிரி என்றாலும் 90 சதவீதம். ஏற்காட்டின் குளிரைவிட மேட்டூரின் சித்திரை மேல்.

ஜூன் 18

"ரேஸ் என்றால் சக்கர விமானம்தானே, தண்ணீரில் எதற்கு?" என்று ஆத்தூர் நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் உலகத்திலேயே வேகமான விமானம் சீப்ளேன்தான். பிரெஞ்சுக்காரர் ஜாக் ஷ்னைடர் 1912இல் ஒரு கோப்பையை அறிவித்தார். 1913இல் மொனாக்கோவில் முதல் போட்டி. ஜெயித்த மோரிஸ் பிரெவோவின் சராசரி வேகம் 73 கி.மீ. சொச்சம். 1931இல் கடைசிப் போட்டி, பிரிட்டனின் சூப்பர்மரீன் எஸ்.6பி ஜெயித்த வேகம் 547 கி.மீ. பதினெட்டு வருடத்தில் ஏழு மடங்குக்கு மேல்.

தண்ணீரில் இருந்த லாபம் ஓடுபாதை நீளம். அன்றைக்கு நல்ல ஃபிளாப் (மெதுவாகப் பறக்க ரெக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பகுதி) கிடையாது, பறக்கும்போது கோணம் மாற்றும் புரொப்பெல்லர் கிடையாது. வேகத்துக்காக ரெக்கையைச் சின்னதாக்கினால் இறங்கும் வேகம் எகிறும். அந்த வேகத்துக்குப் புல்தரை மைதானம் போதாது. கடலில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடினாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஃபிளாப்பும் கோணம் மாறும் புரொப்பெல்லரும் வந்ததும் அந்த லாபம் போய்விட்டது. 1939இல் ஜெர்மன் தரை விமானங்கள் உலக சாதனையை எடுத்துக்கொண்டன.

அதற்கு முன் சாதனையை வைத்திருந்தது இத்தாலியின் மாக்கி எம்.சி.72. 1934 அக்டோபர் 23, கார்டா ஏரி, பிரான்செஸ்கோ அஜெல்லோ, 709 கி.மீ. பிஸ்டன் இன்ஜின் சீப்ளேனில் அந்த எண்ணை இன்று வரை யாரும் தாண்டவில்லை. மேட்டூர் அணையைத் திறந்தது அதே வருடம் ஆகஸ்ட் 21. இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 22

300 கி.மீ. வருமா என்று தம்பி விடாமல் கேட்கிறான். போட்டுப் பார்த்தேன்.

100 ஹெச்.பி. என்றால் 75 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. புரொப்பெல்லர் 80 சதவீதம் பயன் தந்தால் கையில் நிற்பது 60 கிலோவாட். 300 கி.மீ. வேகத்தில் அதைக் கொண்டு வெல்லக்கூடிய காற்றுத்தடை சுமார் 720 நியூட்டன், 73 கிலோ விசை. நல்ல ஃபார்முலா ஒன் விமானம் ஒன்று இதே சக்தியில் 400 கி.மீ.யை ஒட்டிப் போகிறது என்றால், 300இல் அதன் உடம்பும் ரெக்கையும் தின்பது ஏறக்குறைய 31 கிலோ. மிச்சம் 42 கிலோவுக்குள் இரண்டு மிதவை, நான்கு கால், குறுக்குக் கம்பிகள், அவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில் எழும் சுழல் எல்லாம் அடங்க வேண்டும். பெரிய வால், பெரிய ரெக்கையையும் சேர்த்தால் அடங்காது.

என் மதிப்பீடு 250 முதல் 270. முதல் கட்டத்தில் 250 வந்தால் நான் சேலம் முழுக்க மிட்டாய் கொடுப்பேன்.

ஜூன் 29

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். நிதானமாகப் படிக்கவும்.

சீப்ளேன் கிளம்பும்போது முதலில் படகு. தண்ணீரை உழுதுகொண்டு போகும். வேகம் கூடக் கூட மூக்கு தூக்கும், தண்ணீரின் இழுவை ஏறிக்கொண்டே போகும். ஓரிடத்தில் உச்சத்தைத் தொடும். அதைத் தாண்டிவிட்டால் மிதவை தண்ணீர் மேல் ஏறி வழுக்க ஆரம்பிக்கும், இழுவை குறையும், பிறகு விமானம் ஓடும். அந்த உச்சத்துக்கு மேடு என்று பேர் வைத்துக்கொள்வோம். சாதாரணமாக அங்கே இழுவை மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு. உனக்கு 90 முதல் 112 கிலோ. சுமார் 40 கி.மீ. வேகத்தில் வரும்.

இப்போது புரொப்பெல்லரைப் பார். கிளம்புவதற்கென்று செய்த ஒன்றரை மீட்டர் புரொப்பெல்லர் 100 ஹெச்.பி.யில் 200 கிலோவை ஒட்டித் தள்ளும். 270 கி.மீ.க்கென்று செங்குத்தாக முறுக்கிய ரேஸ் புரொப்பெல்லர் 40 கி.மீ.யில் காற்றைச் சரியாகப் பிடிக்காது. இன்ஜினையும் முழுச் சுற்று சுற்ற விடாது. என் கணக்கில் அது தருவது அதில் பாதிக்குச் சற்று மேல். 112 கிலோ இழுவைக்கு எதிரே 115, 120 கிலோ தள்ளு. அதிலும் சித்திரை மாதம் பத்து சதவீதத்தைக் கழி. விமானம் மேட்டின் அடியிலேயே நின்று தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும், இன்ஜின் சூடாகும், கரை வந்துவிடும்.

மிதவையின் அடிப்பக்கத்தில் நடுவில் ஒரு படி வெட்டியிருப்பார்கள், பார்த்திருப்பாய். அழகுக்கு வெட்டியது அல்ல. வளைந்த அடிப்பரப்பில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு கீழே இழுக்கும், ஈரத் தம்ளர் மேஜையை விட மறுப்பதுபோல. படி அந்த ஒட்டுதலை அறுக்கிறது. படியின் ஆழம் மிதவை அகலத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு. அது எடை மையத்துக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். அந்த "சற்று" எவ்வளவு என்பதில்தான் உன் விமானத்தின் தலையெழுத்து இருக்கிறது. எடை மையம் எங்கே என்று தெரியாமல் படியை வைக்க முடியாது, படியை வைக்காமல் மிதவையை வார்க்க முடியாது. கடைசியில் மாட்டிக்கொள்ள ஏன் முடியாது என்பதற்கு என் பதில் இதுதான்.

ஜூன் 30

பழைய பந்தயக்காரர்களுக்கும் இதே பாடுதான். சூப்பர்மரீன் எஸ்.5இல் பெட்ரோல் முழுவதையும் வலது மிதவையில் வைத்தார்கள். புரொப்பெல்லர் சுழலும் எதிர்விசை இடது மிதவையைத் தண்ணீருக்குள் அமுக்கும். அதைச் சமன்செய்ய வலது பக்கம் எடை. இத்தாலியர் எம்.சி.72இல் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர் வைத்து அந்த எதிர்விசையையே ஒழித்தார்கள். 100 ஹெச்.பி.யில் அந்த அளவு பயம் இல்லை. ஆனாலும் தம்பி, பெட்ரோல் டேங்க்கை எங்கே வைக்கிறாய் என்பதைச் சொல்.

ஜூலை 6

புல்லட் இன்ஜின் இரண்டைச் சேர்த்துப் போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். மேட்டைத் தாண்ட முழுத் திராட்டிலில் நீண்ட நேரம் நிற்க வேண்டும், மேலே போயும் முக்கால் சக்திக்குக் குறையாமல் ஓட வேண்டும். சாலை இன்ஜின் அப்படி ஓடுவதற்குச் செய்ததல்ல. ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். என்ற விமான இன்ஜின் 100 ஹெச்.பி.யை ஐந்து நிமிடத்துக்குத் தரும், பிறகு தொடர்ந்து 95. எடை 60 கிலோவை ஒட்டி. விலை அதிகம்தான். ஆனால் மேட்டூர் நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றால் தள்ளிக்கொண்டு வர ஆள் கிடையாது.

ஜூலை 20

தண்ணீரில் இழுத்து இழுவையை அளந்து பார்க்க ஒரு மாடல் செய்ய ஆரம்பித்துவிட்டேன். நாலில் ஒரு பங்கு அளவு. நீளம் நாலில் ஒன்று என்றால் எடை அறுபத்துநாலில் ஒன்று. 450 கிலோ விமானம் 7 கிலோவாகிவிடும். அலை எழுப்பும் விதம் பொருந்துவதற்கு வேகத்தைப் பாதியாக்க வேண்டும். 40 கி.மீ.யில் வரும் மேடு மாடலுக்கு 20 கி.மீ.யில் வரும். வில்லியம் ஃபிரௌட் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்த விதி. இழுக்க டி.வி.எஸ். 50 போதும்.

வேலை விவரம் கேட்டவர்களுக்கு: மாடலுக்குத் தெர்மாகோல் உருவம், மேலே எப்பாக்ஸி, மெல்லிய துணி. பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மாகோல் மேல் ஊற்றினால் கரைந்துபோகும். நிஜ மிதவைக்கும் எப்பாக்ஸிதான் என் யோசனை. பரிசலுக்குப் போடும் பாலியெஸ்டர், மேட் (கண்ணாடியிழைப் பாய்) எல்லாம் எடை தாங்கும், ஆனால் அதுவே எடை. எங்கள் ஷெட்டில் மதியம் கலந்த எப்பாக்ஸி டப்பாவிலேயே கொதித்துக் கெட்டியாகிறது. விடிகாலையில் கலக்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், அகலமான தட்டில் பரப்பி வையுங்கள்.

போல்ட், கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ். சேலத்துக்காரனுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அலுமினியக் காலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராகப் பட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். இடையில் வாஷர், சீலண்ட் கட்டாயம்.

(அலுமினியம் என்றதும் ஒன்று. ஏற்காட்டு மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலையில் அலுமினியமாகிக்கொண்டிருந்த காலம் இருந்தது. இன்று நமக்கு வேண்டிய 6061 என்ற அலுமினியக் கலவைத் தகட்டுக்கு வெளியூர் ஆர்டர் போட்டுக் காத்திருக்கிறோம். எனக்கு இது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.)

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மேட்டூர் பக்கம் போக வேண்டாம், படித்துறை முழுக்க ஜனம். தம்பி, ஒன்றைக் குறித்துக்கொள்: ஆடிக் காற்றில் அணைத் தண்ணீரில் எழும் அலை சின்ன மிதவைக்கு ஆகாது. நம் பருவம் ஐப்பசி மழை ஓய்ந்து தை வரை.

அதிலும் காற்றே இல்லாத காலையை நல்ல காலை என்று நினைக்காதே. கண்ணாடிபோல் கிடக்கும் தண்ணீரில் இறங்கும்போது உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. பழகிய விமானிகள்கூட அப்போது தண்ணீரைப் பார்த்து இறங்காமல், இன்ஜினை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 150 அடி வீதம் மெதுவாக இறக்கிக்கொண்டே போய்த் தொடவிடுவார்கள். கிளம்பும்போதும் கண்ணாடித் தண்ணீர் மிதவையை விடாது. சின்னச் சிற்றலை இருப்பதே நல்லது.

ஆகஸ்ட் 24

மாடலை இழுத்தாயிற்று!

எங்கள் பக்கத்து ஏரிக்கரை மேல் டி.வி.எஸ். 50, பக்கவாட்டில் நீட்டிக் கட்டிய மூங்கில், நுனியில் ஸ்பிரிங் தராசு, அதிலிருந்து நரம்பு. ஓட்டியது தம்பி, பின்னால் உட்கார்ந்து தராசைப் பார்த்தது நான். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா "என்ன மீனுங்க அது?" என்று கேட்டார்.

உச்சத்தில் தராசு ஒன்றே முக்கால் கிலோவைத் தொட்டது. அறுபத்துநாலால் பெருக்கினால் 112. எழுதி வைத்த கணக்கின் மேல் எல்லையில் வந்து நிற்கிறது. மாடலில் தோல் உராய்வு நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும், மூங்கில் இழுக்கும் கோணமும் கொஞ்சம் கூட்டும். ஆக நிஜம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எனக்குத் திருப்தி.

மேட்டைத் தாண்டிய பிறகு நடந்ததுதான் கவலை. மாடல் மூக்கை மேலும் கீழும் ஆட்ட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு ஒவ்வொரு ஆட்டமும் பெரிதாகி, கடைசியில் தண்ணீரை விட்டே துள்ளியது. இந்தத் துள்ளலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1931 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பந்தய அணியின் லெப்டினன்ட் பிரின்டன், எஸ்.6ஏ விமானத்தில் கிளம்பும்போது இப்படித் துள்ளித்தான் இறந்தார். பயிற்சி பெற்ற விமானி, தேர்ந்த விமானம்.

மாடலுக்குள் எடைக்கு வைத்த ஈயக் கட்டியை இரண்டு விரல் முன்னால் நகர்த்தி மறுபடி இழுத்தோம். துள்ளல் நின்றது. இன்னும் ஒரு விரல் நகர்த்தினால் மூக்கு தண்ணீரைக் குத்துகிறது. ஆக நமக்குக் கிடைக்கும் இடைவெளி சின்னது. பெட்ரோல் தீரும்போது எடை மையம் நகராதபடி டேங்க் நேராக அதன் மேலேயே வர வேண்டும். டேங்க் எங்கே என்று ஜூனில் கேட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 7

இரண்டு மிதவை வேண்டுமா என்றே இப்போது யோசிக்கிறேன். உடம்பே படகாக இருக்கும் பறக்கும் படகு, ரெக்கை நுனியில் இரண்டு சின்ன மிதவை. கால்கள் இல்லை, கம்பி இல்லை, 42 கிலோ தடைக்கணக்கில் பாதி மிச்சம்.

வீட்டில் கட்டியதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. ஜார்ஜ் பெரேரா என்ற அமெரிக்கர் வடிவமைத்த ஆஸ்ப்ரே 1, ஒற்றை ஆள் பறக்கும் படகு, 1970இல் பறந்தது. அமெரிக்கக் கடற்படை அதை வாங்கி எக்ஸ்-28 என்று எண் கொடுத்து சோதித்தது. ஒரு தனி ஆள் ஷெட்டில் கட்டியது, சோதனை விமானங்களின் வரிசையில் போய் உட்கார்ந்தது.

எதிர்ப்பக்கம்: இன்ஜினைத் தண்ணீர்த் தெறிப்புக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். தள்ளும் கோடு உயரத்தில் இருப்பதால் திராட்டில் கொடுத்தால் மூக்கு கீழே போகும், எடுத்தால் மேலே வரும். புதிய விமானிக்கு இது தலைகீழ்ப் பழக்கம். ஷ்னைடர் கோப்பையில் 1920 முதல் 1922 வரை பறக்கும் படகுகள் ஜெயித்தன; 1923இலிருந்து ஜெயித்தவை எல்லாம் இரட்டை மிதவை. காரணம், அன்றைய கனமான இன்ஜினை உடம்பின் மூக்கில் ஒளித்து வைக்க முடிந்தது. நமக்கு 60 கிலோ இன்ஜின். அந்தக் காரணம் நமக்கு அவ்வளவு பொருந்தாது.

செப்டம்பர் 9

ஓமலூர் நண்பர் நீரடிச் சிறகு போடச் சொல்கிறார். இத்தாலியின் பியாஜியோ 1929 போட்டிக்கு அப்படி ஒன்றைக் கட்டியது. மிதவையே கிடையாது, தண்ணீருக்குள் சிறகு, பின்னால் கப்பல் புரொப்பெல்லர், எழுந்ததும் கிளட்ச் மாற்றி விமானப் புரொப்பெல்லரை ஓட்டுவது. கண்ணைப் பறிக்கும் அழகு. கிளட்ச் சரிவரவில்லை, தெறிப்பில் விமானிக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை, கடைசி வரை பறக்கவில்லை. அதைக் கட்டியவர்கள்மேல் எனக்கு மரியாதை இருக்கிறது, நாம் அந்த வழியில் போக வேண்டாம்.

செப்டம்பர் 28

பண்ணவாடிப் பரிசல் துறைக்குப் போய் வந்தேன். வருடக்கணக்காகப் பரிசல் போடும் பெரியவர் ஒருவரோடு பேச்சு. நான் ஓடுபாதை மாதிரி நேர்கோடு ஒன்றைத் தாளில் வரைந்து காட்டினேன். அவர் பேனாவை வாங்கி அதன் மேல் புள்ளி புள்ளியாக வைத்தார். இங்கே வலை, இங்கே பட்ட மரம், இங்கே பழைய ஊர்ச் சுவர். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி தலைகாட்டும், பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரம் தலைகாட்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்தது. ரெண்டுங்கெட்டான் மட்டத்தில், அவை தண்ணீருக்கு ஒரு அடி கீழே இருக்கும்போதுதான் நமக்கு ஆபத்து. 90 கி.மீ.யில் வழுக்கும் மிதவைக்கு ஒரு அடியே போதாது.

"தண்ணி நெறஞ்சு இருக்கறப்ப வாங்க சாமி, இல்லீன்னா வராதீங்க" என்றார். ஆக அணை நிரம்பியிருக்கும்போது மட்டும். முந்தின நாளே பரிசலில் போய்க் கோடு முழுவதையும் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் மிதவைக் கொடி போட வேண்டும், வலைக்காரர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். அவர்கள் பிழைப்பு நடக்கும் தண்ணீர் அது.

அக்டோபர் 5

அனுமதி பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவும் பறக்கும் அனுமதியும் இல்லாமல் ஒரு அடிகூட மேலே எழும்பக் கூடாது. அணைத் தண்ணீருக்கு நீர்வளத் துறை, மாவட்ட நிர்வாகம். 2023 அக்டோபரிலிருந்து காமலாபுரம் விமான நிலையத்தில் மறுபடி பயணிகள் விமானம் வருகிறது, அவர்களுக்கும் தெரிய வேண்டும். உரிமம் உள்ள விமானிதான் முதலில் ஓட்ட வேண்டும். தம்பி, அது நீ இல்லை, இப்போதைக்கு.

"இதெல்லாம் நம் ஊரில் நடக்கிற காரியமா" என்று ஒருவர் எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1910இலேயே சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஆஞ்செலிஸ், தான் வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கட்டச் சொல்லி பல்லாவரத்தில் பறந்து காட்டினார். மும்பையில் அமோல் யாதவ் மொட்டை மாடியில் விமானம் கட்டி, போராடிப் பதிவும் வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் செங்குன்றம் ஏரியில் கேட்டலினா பறக்கும் படகுகள் நின்றன. 2024 நவம்பரில் விஜயவாடாவிலிருந்து ஸ்ரீசைலத்துக்குத் தண்ணீர் விட்டுத் தண்ணீர் ஒரு ட்வின் ஆட்டர் சீப்ளேன் பறந்து காட்டியது. தமிழ்நாட்டுத் தண்ணீரில் நம் கையால் கட்டியது ஒன்று எழும்ப வேண்டும் என்று நான் ஆசைப்படுவதில் என்ன தவறு?

அக்டோபர் 19

ரெக்கை. ஃபார்முலா ஒன் விதியின் குறைந்தபட்ச அளவு 66 சதுர அடி, சுமார் 6.1 சதுர மீட்டர். தம்பி அதையே பிடித்துக்கொண்டிருந்தான். 450 கிலோவில், மேட்டூர்ச் சித்திரைக் காற்றில், அந்த ரெக்கையோடு விமானம் தாங்கும் குறைந்தபட்ச வேகம் 110 கி.மீ. 9 சதுர மீட்டரும் நல்ல ஃபிளாப்பும் போட்டால் 88. தண்ணீரைத் தொடும்போது வரும் அடி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 110க்கும் 88க்கும் அது ஒன்றரை மடங்குக்கு மேல். மேலே பத்துப் பதினைந்து கி.மீ. இழப்போம். மிதவை பிளக்காமல் வீடு வந்து சேரும். 9 சதுர மீட்டர் என்று நேற்று முடிவாயிற்று. தம்பி முகம் சுருங்கியது, ஆனால் பென்சிலை எடுத்து வரைந்தது அவன்தான்.

நவம்பர் 2

ஷ்னைடர் போட்டியில் ஒரு விதி இருந்தது: விமானத்தை முழு எடையோடு ஆறு மணி நேரம் தண்ணீரில் கட்டிப்போட வேண்டும், ஒழுகினால் போட்டியில் இடமில்லை. அதை நாமும் எடுத்துக்கொள்கிறோம். இன்ஜின் ஆர்டர் போடுவதற்கு முன், ரெக்கை கட்டுவதற்கு முன், நிஜ அளவு மிதவை ஒரு ஜோடி; மேலே மரச்சட்டம்; மணல் மூட்டையாக 450 கிலோ; பூலாம்பட்டிக் கதவணைத் தண்ணீரில் ஆறு மணி நேரம். பிறகு இரண்டு அறையில் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை.

பறக்கும் படகா இரட்டை மிதவையா என்று பத்துப் பேர் பத்து விதம் எழுதியிருக்கிறீர்கள். முதல் விமானத்துக்கு இரட்டை மிதவையே. மாடலில் இழுத்துப் பார்த்த எண் நம் கையில் இருப்பது அதற்கு மட்டும்தான். பறக்கும் படகின் மாடலைத் தையில் தனியாக இழுப்போம்.

வலது மிதவையின் அச்சு அடுத்த வாரம் ஆரம்பம். தம்பி, டேங்க்கின் இடமும், உன் எடையும், இன்ஜின் தாங்கியின் நீளமும் வியாழனுக்குள் வேண்டும். படி எங்கே விழும் என்று அதை வைத்துத்தான் கோடு போட முடியும்.